ஜெட் திட்டம்: ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர் பணி எப்படி இருக்கிறது?

வெளிநாட்டுப் பட்டதாரிகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் ஜெட் திட்டம், 1987-இல் நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேருடன் தொடங்கியது. இன்றும் அதில் சேர்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏ.எல்.டி. எனப்படும் உதவி மொழி ஆசிரியர்களே. சிங்கப்பூரும் இதில் பங்கேற்பதால் அங்குள்ள தமிழ் இளைஞர்கள் இப்பணியைப் பற்றி விசாரிப்பதுண்டு. ஒரு நடுநிலைப் பள்ளியில் இப்பணியைச் செய்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஊதியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாண்டுக்கு 33 லட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்த சம்பளம், 2025 ஏப்ரலில் 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது. விமானக் கட்டணமும் கிடைக்கும். ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, அதிகபட்சம் ஐந்தாண்டுகள் வரை நீட்டிக்கலாம்.

ஆனால் சம்பளத்தைவிட முக்கியமானது, உங்களை யார் பணியமர்த்துகிறார்கள் என்பதுதான். ஜெட் திட்டத்தில் வருபவரை உள்ளூர் நிர்வாகமே நேரடியாக நியமிக்கிறது. தனியார் நிறுவனங்கள் வழியாக வரும் உதவி ஆசிரியர்கள் பலரின் நிலை வேறு. நிறுவனத்துக்கும் கல்வி வாரியத்துக்கும் இடையில் இருப்பது, வேலையை முழுவதுமாக நிறுவனத்தின் பொறுப்பிலேயே விட்டுவிடும் பணி ஒப்படைப்பு ஒப்பந்தம் என்றால், பள்ளி ஆசிரியர் அவர்களுக்கு இதைச் செய்யுங்கள் என்று நேரடியாகப் பணிப்பதே தொழிலாளர் சட்டப்படி சிக்கலாகிவிடும். ஒரே வகுப்பில் நிற்கும் இருவர் பாடத்தைச் சேர்ந்து திட்டமிட முடியாத அந்த ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு வாய்ப்பும் இருப்பவர்கள் தயங்காமல் ஜெட்டையே தேர்ந்தெடுக்கலாம்.

உதவி ஆசிரியருக்கு ஜப்பானிய ஆசிரியர் உரிமம் தேவையில்லை என்பதால், வகுப்பின் பொறுப்பு முழுவதும் ஜப்பானிய ஆங்கில ஆசிரியருடையது. அவருக்கோ வகுப்பாசிரியர் வேலை, மாலையில் விளையாட்டுக் குழு, பெற்றோருக்கான அறிக்கைகள் என்று மூச்சுவிட நேரமிருக்காது. வகுப்புக்கு முன் பத்து நிமிடம் பேசிவைக்க முடிந்த நாள்களில் எங்கள் பாடம் உயிரோடு இருந்தது. முடியாத நாள்களில் நான் பாடநூலை உரக்கப் படித்துக் காட்டினேன், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நல்ல திட்டமிடல் எதைச் சாதிக்கும் என்பதைப் பேச்சுத் தேர்வில் பார்த்தேன். ஆசிரியர் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருக்க, வெளியே தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து ஓரிரு நிமிடம் பேசவைப்போம். குளிர்காலத்தில் வகுப்பறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரியும். தாழ்வாரத்தில் விரல் விறைக்கும். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நடுவே கேட்டால் தலைகுனிந்து, பக்கத்தில் இருப்பவரிடம் கலந்து பேசிவிட்டே பதில் சொல்லும் பிள்ளைகள், அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்ததும் மாறிவிடுவார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், தாத்தாவோடு மீன்பிடிக்கப் போவதைக் கையால் தூண்டில் வீசிக்காட்டி விவரித்துவிட்டு, உங்கள் ஊரில் என்ன மீன் கிடைக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டான். தன் ஆங்கிலத்துக்குக் காத்திருந்து காதுகொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே இந்தப் பணி தேவை என்று நம்புகிறேன்.

2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. தோக்கியோ 2022-இல் நடுநிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்குப் பேச்சுத் தேர்வைக் கொண்டுவந்தது. பேசும் பயிற்சிக்கான தேவை இப்படிக் கூடியிருக்க, வருபவர்களுக்குத் தரும் கற்பித்தல் பயிற்சி இன்னும் சில நாள் அறிமுக வகுப்புகளாகவே இருப்பது இத்திட்டத்தின் பெரிய குறை. எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், கரும்பலகை முன் நின்றே பழகாதவர்களும் வருகிறார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லித்தராமல் வகுப்புக்கு அனுப்புவது பிள்ளைகளுக்கு நியாயமன்று.

இடத்தைப் பொறுத்தவரை விருப்பத்தைத் தெரிவிக்கலாம், உறுதி கிடையாது, பெரும்பாலும் சிற்றூர்தான். சைவர்கள் மதிய உணவைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும்: பள்ளிச் சாப்பாட்டின் சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும்கூட மீன்சாறு கலந்திருக்கும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரப் பள்ளி ஒப்புக்கொண்டாலும், பிள்ளைகளோடு உட்கார்ந்தே சாப்பிடுங்கள். அவர்கள் கூச்சமின்றிப் பேசுவது அப்போதுதான்.

கற்பிப்பதில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு இப்பணியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஜப்பானைச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் சுற்றுலாப் பயணமே போதும். விண்ணப்பம் பொதுவாக இலையுதிர் காலத்தில் அந்தந்த நாட்டின் ஜப்பானியத் தூதரகம் வழியாகத் தொடங்கும். நேர்காணலில் தேர்வானவர்கள் அடுத்த கோடையில் புறப்படுவார்கள்.