வட்டிக்கு வரம்பா, மொத்தச் செலவுக்கு வரம்பா?

கடனின் விலையை அரசு கட்டுப்படுத்த முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, ஆண்டு வட்டிக்கு உச்சவரம்பு. மற்றது, வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவுக்கு வரம்பு. சிறு தொகை கடன் வாங்குபவருக்கு இரண்டாவதுதான் மேல்.

முதல் வழியைக் கென்யா பரீட்சித்துப் பார்த்துவிட்டது. மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 சதவீதப் புள்ளிதான் வாங்கலாம் என்று 2016 செப்டம்பரில் சட்டம் வந்தது. வங்கிகள் வட்டியைக் குறைத்தன. சிறு தொழில்காரர்களுக்குக் கொடுப்பதையும் குறைத்துக்கொண்டு அரசுப் பத்திரங்களில் பணத்தைப் போட்டன. வரம்புக்குள் வராத செல்போன் கடன் செயலிகள் தழைத்தன. 2019 நவம்பரில் வரம்பு நீக்கப்பட்டது.

கோளாறு கணக்கிலேயே இருக்கிறது. 100 பவுண்டை 30 நாளுக்குக் கொடுத்தால், 36 சதவீத ஆண்டு வட்டியில் கிடைப்பது 3 பவுண்டுகூட இல்லை. விண்ணப்பச் சரிபார்ப்புக்கும் வசூலுக்கும் 10 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை சிறியது என்பதால் அந்தச் செலவு குறையாது. ஒருவர்கூட ஏமாற்றாவிட்டாலும் 7 பவுண்டு நஷ்டம். அதே செலவை 1,000 பவுண்டு ஓராண்டுக் கடன் எளிதில் தாங்கும். அதனால் 100 கேட்டவருக்குக் கடன் மறுக்கப்படும், அல்லது ஆயிரமாக வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கட்டணங்களை வரம்புக்கு வெளியே விட்டால் இன்னும் மோசம். பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று வேறு பெயரில் வட்டி திரும்பி வரும்.

பிரிட்டன் 2015 ஜனவரியில் குறுகிய காலக் கடனுக்கு வைத்த விதி வேறு மாதிரி: நாளுக்கு 0.8 சதவீதம், தவணை தவறினால் அபராதம் 15 பவுண்டுக்குள், எல்லாம் சேர்த்து அசலளவைத் தாண்டக் கூடாது. அந்த 100 பவுண்டுக்கு 30 நாளில் 24 பவுண்டுவரை வாங்கலாம். மலிவில்லை, ஆண்டுக் கணக்கில் 292 சதவீதம் என்று சொன்னால் யாரும் பதறுவார்கள். ஆனால் எத்தனை மாதம் இழுத்தாலும் கட்ட வேண்டியது மொத்தம் 200-ல் நின்றுவிடும். வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்ற பழைய தாம்துபட் விதியும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

வரம்பே வேண்டாம் என்பது மூன்றாவது கட்சி. 2022இல் இந்திய ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டி வரம்பை எடுத்தது. ஆனால் தவணைகள் குடும்ப மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வைத்தது.

பிரிட்டனிலும் கடன் கொடுப்போர் குறைந்தார்கள். திருப்பிக் கட்டும் திறனைச் சோதிக்கும் விதிகளும் அதே காலத்தில் இறுகியதால், வரம்பின்மேல் மட்டும் பழி போட முடியாது. மறுக்கப்பட்டவர்கள் சட்டவிரோத வட்டிக்காரர்களிடம் போனதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் சொன்னது. கந்துவட்டி தெருமுனையிலேயே கிடைக்கும் இடங்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தத் துணிய மாட்டேன்.