பாடநூலா, வழக்குகளா? அமெரிக்க அரசாங்கப் பாடத்துக்கு எது மேல்

நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அமெரிக்க அரசாங்கப் பாடம் எடுக்கிறேன். முதல் ஆறு வருஷம் பாடநூல் வரிசையிலேயே போனேன்: அரசியலமைப்புச் சட்டம், காங்கிரஸ் (நாடாளுமன்றம்), அதிபர், நீதிமன்றம், கடைசியில் தனிமனித உரிமைகள். கடந்த மூன்று வருஷமாக உச்ச நீதிமன்ற வழக்குகளை முன்னால் வைத்து, மற்றதை அவற்றின் வழியாகச் சொல்லித்தருகிறேன். வரும் செப்டம்பரில் இதே பாடத்தை முதல்முறையாக எடுக்கப்போகும் தோழி ஒருவர் இரண்டில் எது மேல் என்று கேட்டார். நான் வழக்குகளின் பக்கம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடநூலின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். வரிசை இருக்கிறது, கேள்விகள் தயாராக இருக்கின்றன, நான் லீவு போட்டால் வேறொருவர் வந்து விட்ட இடத்திலிருந்து நடத்தலாம். வழக்குகளில் கதை இருக்கிறது, பிள்ளைகள் தூங்குவதில்லை. மூன்றாவதாக, அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று இணையத்தில் கற்றுத்தரும் ஐசிவிக்ஸ் விளையாட்டுகளையும் சிலர் சொல்வார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் ஓய்வுபெற்ற பிறகு 2009இல் தொடங்கியது அது. நடுநிலைப் பள்ளிக்கு அருமையானது. என் வகுப்பில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியடுக்கு மேல் தாங்கவில்லை.

வழக்கு வழியில் ஒரு பாடம் எப்படி நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்க வழக்கையே சொல்கிறேன். 1980இல் பிஸ்கட்டவே உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு வயது மாணவி ஒருத்தி கழிவறையில் சிகரெட் பிடித்ததாகச் சொல்லித் துணைத் தலைமையாசிரியரிடம் கூட்டிப்போகிறார்கள். அவள், "எனக்குப் பழக்கமே இல்லை" என்கிறாள். அவர் அவளுடைய கைப்பையைத் திறக்கிறார், சிகரெட் பெட்டி தெரிகிறது. எடுக்கும்போது சுருட்டும் தாள் கண்ணில் படுகிறது. மேலும் தேடினால் கஞ்சா, ஒற்றை டாலர் நோட்டுகள், பணம் தரவேண்டிய மாணவர்களின் பட்டியல். மைனர் என்பதால் வழக்கில் அவள் பெயர் டி.எல்.ஓ. என்ற எழுத்துகள் மட்டும்தான்.

இதோடு நிறுத்திவிட்டு வகுப்பை மூன்றாகப் பிரிப்பேன். ஒரு பக்கம் மாணவியின் வக்கீல்கள், எதிர்ப்பக்கம் மாநில அரசின் வக்கீல்கள், நடுவில் ஒன்பது நீதிபதிகள். தீர்ப்பை முன்கூட்டிச் சொல்வதில்லை. நியாயமில்லாத சோதனைகளிலிருந்து மக்களைக் காக்கும் நான்காம் அரசியலமைப்புத் திருத்தத்தின் ஒற்றை வாக்கியம் மட்டும் கையில் இருக்கும். முதல் பத்து நிமிஷத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "துணைத் தலைமையாசிரியர் போலீஸ் இல்லையே, அவருக்கு இந்தத் திருத்தம் பொருந்துமா?" அரசுப் பள்ளி ஊழியர் அரசின் ஆள்தானா என்ற கேள்வி அது. அடுத்து, மத்திய அரசைக் கட்டுப்படுத்த எழுதிய திருத்தம் நியூ ஜெர்சியை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று, மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் பதினான்காம் திருத்தத்துக்குப் போவோம். மாநில உச்ச நீதிமன்றம் மாணவிக்குச் சாதகமாகச் சொன்னதை வாஷிங்டனில் மாற்ற முடியுமா என்று கூட்டாட்சிக்குப் போவோம். பாடநூலில் மூன்று அத்தியாயங்களில் கிடப்பது ஒரு கைப்பைக்குள் இருந்து வெளியே வருகிறது. கடைசியில்தான் 1985 தீர்ப்பைத் தருவேன்: ஆறுக்கு மூன்று. பள்ளியில் நான்காம் திருத்தம் உண்டு, ஆனால் சோதனைபோட வாரண்டு வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும். "அப்போ என் ஃபோன்?" என்று உடனே கேட்பார்கள். 2014இல் ரைலி வழக்கில், கைதானவரின் ஃபோனைப் பார்க்க போலீசுக்கு வாரண்டு வேண்டும் என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பள்ளி அதிகாரி கையில் ஃபோன் சிக்கினால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் நேரடியாகத் தீர்க்கவில்லை. அந்த மணி அடித்த பிறகும் நடைபாதையில் விவாதம் போகும்.

சரி, சுவாரசியத்துக்காக மட்டும் நான் மாறவில்லை. என்னை மாற்றியது பராமரிப்பு. எந்தப் பாடமும் பழசாகும். எப்படிப் பழசாகிறது, அதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு வழியும் பிரிகின்றன.

உச்ச நீதிமன்றத்தின் வருஷம் அக்டோபரின் முதல் திங்கட்கிழமை தொடங்கி ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ முடியும். பெரிய தீர்ப்புகள் பெரும்பாலும் கடைசி வாரங்களில்தான் வரும், அதாவது எங்கள் பள்ளி மூடும் சமயத்தில். 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில், கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமை என்று சொல்லி 49 வருஷமாக நின்ற ரோ தீர்ப்பு போனது. செப்டம்பரில் வகுப்புக்கு வந்தால், அந்தரங்க உரிமை அத்தியாயத்தில் ரோ அப்படியே நிற்கிறது. இங்கே பாடநூலை நினைத்தபோது மாற்ற முடியாது. ஒருமுறை வாங்கினால் பல வருஷம் ஓட்டவேண்டும். அந்தப் பத்தியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: "அப்போ இந்தப் புத்தகத்தில் வேற எதெல்லாம் தப்பு?" எனக்கு அது தைத்தது. சட்டம் மாறியதை நான் அச்சுப்பிழை திருத்துவதுபோல நடத்தியிருக்கிறேன்.

ஒவ்வொரு வழக்குக்கும் நான் வைத்திருக்கும் தாள்கட்டுகளிலோ மாற்றமே பாடம். 1940இல் கோபைட்டிஸ் வழக்கில், மத நம்பிக்கை காரணமாகக் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்த குழந்தைகளைப் பள்ளி நீக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று எனத் தீர்ப்பு. மூன்றே வருஷத்தில் பார்னெட் வழக்கில் ஆறுக்கு மூன்று என அது கவிழ்ந்தது. முதல் தீர்ப்பில் சேர்ந்திருந்த மூன்று நீதிபதிகள் மனம் மாறியிருந்தார்கள். தனியாக மறுத்த ஸ்டோன் அதற்குள் தலைமை நீதிபதி. இரண்டையும் ஒரே வாரத்தில் படித்த பிள்ளைகளுக்கு ரோவும் டாப்ஸும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது கேட்கத் தெரிகிறது: எந்தக் காரணத்தைச் சொல்லி மாற்றினார்கள், மறுத்தவர்கள் என்ன சொன்னார்கள்?

வேலை கூடுதல்தான், மறைக்க மாட்டேன். ஒரு வழக்குக்கு என் வார்த்தையில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். பன்னிரண்டு வழக்கு வைத்திருக்கிறேன். ஆனால் புதிதாக ஒன்று வந்தால் ஒன்றிரண்டு தாளைச் சேர்த்தால் போதும். சியர்லீடர் ஒருத்தி வார இறுதியில் ஸ்னாப்சாட்டில் திட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட மஹனாய் வழக்கை (2021, எட்டுக்கு ஒன்று) மாணவர் பேச்சுரிமை பற்றிய டிங்கர் வழக்கின் கட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தீர்ப்பு நீதிமன்றத் தளத்திலேயே இலவசம், வாதங்களின் ஒலிப்பதிவு ஓயெஸ் தளத்தில் கிடைக்கும்.

பாடநூலை நான் தூக்கி எறியவில்லை. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டோரல் காலேஜ், பட்ஜெட், செனட்டில் பேசிப் பேசியே மசோதாவை முடக்கும் ஃபிலிபஸ்டர் இதெல்லாம் வழக்கு வழியில் ஓடாது. இன்னொரு பெரிய குறை: உரிமை என்றாலே நீதிபதிகள் கொடுப்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் காங்கிரஸில் வந்தது. பதினெட்டு வயதில் ஓட்டு கிடைத்ததோ 1971இல் வந்த இருபத்தாறாம் திருத்தத்தால். அதற்கு முந்தைய வருஷம் உச்ச நீதிமன்றம், மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும்தான் காங்கிரஸ் வயதைக் குறைக்கலாம் என்று சொல்லியிருந்தது. இதை இப்போது தனியாக ஒரு வாரம் எடுக்கிறேன்.

என் அனுபவம் மெலிந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்புகளில் பாதி ஏ.பி. வகுப்பு, அதாவது பள்ளியிலேயே கல்லூரி மட்டத்தில் படித்துத் தேர்வு எழுதும் வகுப்பு. படிக்கும் ஆர்வத்தோடு வருபவர்கள். அந்தத் தேர்விலேயே ஒரு வழக்கை இன்னொன்றோடு ஒப்பிடும் கேள்வி இருப்பதால் இந்த வழி அவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒன்பதாம் வகுப்பில் இதை முயன்றதில்லை. ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளைகள் மூன்று பேர்தான் இதுவரை என் வகுப்பில் இருந்தார்கள். பேசும்போது கலக்கினார்கள், தீர்ப்பை வாசிக்கத் திணறினார்கள். மூன்று பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தோழியிடம் பன்னிரண்டோடு தொடங்க வேண்டாம் என்றேன். நான்கு போதும்: வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிய பதின்மூன்று வயது மேரி பெத் டிங்கர், எங்கள் டி.எல்.ஓ., பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் அபராதமோ இரண்டு மாதச் சிறையோ கிடைத்திருக்கும் குற்றத்துக்கு இருபத்தொரு வயது வரை அடைத்துவைக்கத் தீர்ப்பான ஜெரால்டு கால்ட், அப்புறம் கோபைட்டிஸும் பார்னெட்டும் சேர்ந்த ஜோடி. நான்கு கட்டுகளையும் அனுப்பிவிட்டேன். மற்ற வாரங்களுக்குப் பாடநூல் இருக்கிறது. ஐந்தாவது வழக்கை, வகுப்பில் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்துவிட்டு அவரே எடுத்துக்கொள்ளட்டும்.