துடுப்பா, மோட்டாரா? பிச்சாவரமும் முத்துப்பேட்டையும்

கும்பகோணத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடும். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள், இரண்டு நாள் கோயில் கோயிலாகச் சுற்றுவார்கள், மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது "கோயில் இல்லாம வேற எதாவது இருக்கா?" என்பார்கள். போன தை மாதம் பெங்களூரிலிருந்து வந்த மைத்துனனும் அதையேதான் கேட்டான். வடக்கே பிச்சாவரம், தெற்கே முத்துப்பேட்டை. இரண்டும் கடலோரச் சதுப்புக் காடு. எங்கள் ஊரிலிருந்து இரண்டுக்கும் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரிய வித்தியாசம் கிடையாது.

நான் பிச்சாவரம் என்றேன். அவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "முத்துப்பேட்டைதானே பெரிசு அத்தான்?" என்றான். பெரிசுதான், சந்தேகமே இல்லை. பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர். முத்துப்பேட்டை, அங்கே கடலை ஒட்டி விரிந்து கிடக்கும் உப்புநீர்க் காயலையும் சேர்த்தால், அதைப்போல் பத்து மடங்கு வரும். ஆனால் படகில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஹெக்டேர் எதற்கு? கண்ணுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்பதுதான் கணக்கு. பிச்சாவரத்துக்கு நான் நாலு தடவை போயிருக்கிறேன், முத்துப்பேட்டைக்கு ஒரே ஒரு தடவை. மேற்கொண்டு சொல்வதையெல்லாம் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வித்தியாசம் பெயரிலேயே இருக்கிறது. பிச்சாவரத்தைச் சுரபுன்னைக் காடு என்பார்கள், முத்துப்பேட்டையை அலையாத்திக் காடு என்பார்கள். இரண்டும் ஒரே பொருள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இரண்டும் வேறு வேறு மரம். சுரபுன்னை வாய்க்கால் ஓரத்திலேயே நிற்கும். தண்டிலிருந்தும் கிளையிலிருந்தும் முட்டு வேர்களை வில்லாக வளைத்துத் தண்ணீருக்குள் ஊன்றும். விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும். அலையாத்தி அப்படியில்லை. அதன் மூச்சு வேர்கள் பென்சிலை நட்டுவைத்ததுபோல் சேற்றிலிருந்து மேலே எட்டிப்பார்க்கும். இலை உப்பைக் கக்கும், நக்கிப் பார்த்தால் கரிக்கும். பிச்சாவரத்தில் இரண்டும் உண்டு, ஆனால் வாய்க்கால் ஓரம் சுரபுன்னை, அதன் பின்னால் அலையாத்தி. முத்துப்பேட்டையில் கண்ணுக்கெட்டிய தூரம் அலையாத்திதான்.

காரணம் தண்ணீர். பிச்சாவரம் வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவில் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கும். முத்துப்பேட்டை காவிரி டெல்டாவின் கடைமடை. பாமணியாறும் கோரையாறும் வந்து சேர்ந்தாலும், மழைக்காலம் தாண்டினால் நல்ல தண்ணீர் வரத்து சுருங்கி, கோடையில் உப்பு ஏறிப்போகும். அந்த உப்பை அலையாத்தி தாங்கும், சுரபுன்னைக்கு அந்த அளவு முடியாது.

ஒரு நாள் பொழுதுபோக்கப் போகிறவனுக்கு இந்த மரக்கதை எதற்கு என்று கேட்கலாம். இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓரத்தில் சுரபுன்னை இருப்பதால்தான் பிச்சாவரத்து வாய்க்கால்களுக்குக் கூரை இருக்கிறது. இரண்டு கரையிலிருந்தும் கிளைகள் வந்து மேலே கோத்துக்கொள்ள, பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே பச்சை நிழல். அந்தக் குகைக்குள் மோட்டார் படகு நுழையாது, அகலமான வாய்க்கால்களோடு சரி. துடுப்புப் படகுதான் போகும்.

அதனால் பிச்சாவரம் போகிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், துடுப்புப் படகு எடுங்கள். பத்துப் பேர் வந்திருந்தாலும் இரண்டு மூன்று படகாகப் பிரிந்து போங்கள். முதல் தடவை நாங்கள் மோட்டார் படகில்தான் போனோம். வேகமாகப் போனது, காற்று நன்றாக இருந்தது, ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தோம். "ஏரியில் போன மாதிரிதான் இருந்தது" என்றாள் அம்மா. ஒரு கொக்கைக்கூடப் பக்கத்தில் பார்க்கவில்லை, சத்தம் கேட்டதும் எல்லாம் எழுந்து பறந்துவிடும். அடுத்த தடவை துடுப்பு. கரையை விட்டுப் பத்து இருபது நிமிடத்தில் வெளிச்சம் குறைந்தது, பேச்சு தானாக நின்றது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர், வேரில் ஏறுகிற நண்டு, எங்கோ மீன்கொத்தி. "அம்மா, தலையைக் குனிஞ்சுக்குங்க" என்று படகுக்காரர் சொல்லச் சொல்ல, எழுபது வயதில் அம்மா சின்னப்பிள்ளை மாதிரி குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். பையன் ஒரு கிளையைப் பிடிக்கப் போனான். "தொடாத தம்பி, தில்லையா இருந்தா பால் பட்டு கண்ணு போயிடும்" என்றார் அவர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அதே மரம். கோயிலில் தல விருட்சம் என்று கேட்டதை இங்கே ஒடித்தால் பால் வடிகிற மரமாக நேரில் பார்ப்பது தனி அனுபவம்.

ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் ரொம்ப வற்றியிருந்தால் குறுகலான வாய்க்காலில் படகு தரை தட்டும், அந்த நேரத்தில் உள்ளே கூட்டிப்போக மாட்டார்கள். ஓதம், அதாவது கடல் நீர் ஏற்றம், நன்றாக ஏறியிருந்தால் வேர் பாதிக்கு மேல் மூழ்கியிருக்கும், கிளை தலையில் இடிக்கும். நடுவாக இருக்கும் நேரம்தான் நல்லது. அது எப்போது என்று படகுக்காரர்களைத்தான் கேட்கவேண்டும், நாளுக்கு நாள் மாறும். காணும் பொங்கலன்று போகாதீர்கள். அன்றைக்கு நடந்ததை எழுத ஆரம்பித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

சரி, முத்துப்பேட்டை. ஜாம்பவானோடைப் பக்கம் போய் மோட்டார் படகில் ஏறவேண்டும். வனத்துறை அனுமதி தேவை, முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. படகு ஆற்றோடு போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். இருபுறமும் ஒரே உயரத்தில் அலையாத்தி, தலைக்கு மேல் வெறும் வானம். எங்களுக்குக் காயலைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. நாங்கள் போனது மே மாதம். குடையும் இல்லை, போதுமான தண்ணீரும் இல்லை. அது எங்கள் முட்டாள்தனம், ஊர் மேல் பழி போடக்கூடாது.

ஆனால் காயலுக்குள் நுழைந்ததும் ஒரு விரிவு வருகிறது, அது பிச்சாவரத்தில் கிடையாது. கரை எங்கே, வானம் எங்கே என்று தெரியாத அகலம், எங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. காட்டுக்குள் கட்டிய மரப்பாலத்தில் நடந்தால் மூச்சு வேர்களைக் காலடியிலேயே பார்க்கலாம். வெட்டி அழிந்த இடங்களில் காட்டை மீட்க வனத்துறை தோண்டிய வாய்க்கால்களும் உண்டு. நடுவில் ஒன்று, இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளைகள், அதன் வழியே ஓதத் தண்ணீர் ஏறி இறங்கி மண்ணின் உப்பைக் குறைக்கிறது. ஆர்வம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். என் மைத்துனனுக்கு இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். நான் பார்த்தது 2019-இல். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் அந்தக் காட்டை முறித்துப் போட்டிருந்தது, பல இடங்களில் மரங்கள் இலையே இல்லாமல் எலும்பாக நின்றன. அந்த ஒரு பார்வையை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லைதான். பறவை பார்க்கிறவர்கள் முத்துப்பேட்டைதான் என்று அடித்துச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும்போது நான் அங்கே இருந்ததில்லை, அதனால் அவர்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். பறவைதான் குறி என்றால் வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரையையும் சேர்த்து இரண்டு நாளாகப் போங்கள். வெளிமானும் பார்க்கலாம்.

சாப்பாடு, தங்குமிடம் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பிச்சாவரத்துக்குப் பதினைந்து கிலோமீட்டரில் சிதம்பரம் இருக்கிறது, கத்தரிக்காய் கொத்சு இருக்கிறது. முத்துப்பேட்டையில் படகில் ஏறும்போதே கட்டுச்சோறும் தண்ணீரும் கையில் இருக்கவேண்டும்.

அன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் வழியாகப் பிச்சாவரம்தான் போனோம். ஆறு பேர், இரண்டு துடுப்புப் படகு. மைத்துனன் முதலில் மோட்டார் படகு என்று அடம்பிடித்தான். குகையிலிருந்து வெளியே வந்தபோது போனில் படம் எடுக்கவே மறந்திருந்தான், அதற்காக இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டான். வெயில் ஏறிவிட்டது, அம்மாவுக்குப் பசி. திரும்பிவிட்டோம்.