ஏவி ரிசீவர் வாங்கலாமா? கிருஷ்ணகிரிப் பாறை மேல் சில வருட அனுபவம்

டிவி, கம்ப்யூட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் என் ஏவி ரிசீவர், ரிப்பேர் முடிந்து பெங்களூரிலிருந்து வந்துவிட்டது. எச்டிஎம்ஐ போர்டு போயிருந்தது. ஆம்ப்ளிஃபையர் பகுதி, டிரான்ஸ்ஃபார்மர், டிஸ்ப்ளே எல்லாம் நன்றாக இருந்தன. படத்தையும் சத்தத்தையும் உள்ளே வாங்கும் அந்த ஒரு வாசல் மட்டும் செத்துவிட்டது. அது செத்ததற்குக் காரணம் பெட்டிக்குள் இல்லை, என் வீட்டு மதிலோரம் மண்ணுக்குள் இருந்தது.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜப்பான் பிராண்டு, ஏழு சேனல், நடுத்தர மாடலுக்கு ஒரு படி மேலே. எத்தனை வாட், எத்தனை இன்புட் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். நான் எழுத வந்தது எர்த் பற்றி. கடைக்காரரும் பேசாத, பெட்டியில் வரும் புத்தகமும் பேசாத, யூடியூபில் அன்பாக்சிங் செய்பவர்களும் பேசாத விஷயம் அது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் அருமை. மைக்கை நடுவில் வைத்து அறையை அளந்துகொள்ளும் வசதியை ஒருமுறை பொறுமையாகச் செய்து முடித்தால், சென்டர் ஸ்பீக்கரில் வசனம் தெளிவாக வந்து நிற்கிறது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சென்டரை மட்டும் மூன்று டெசிபல் ஏற்றி வைத்தேன். அப்புறம் "என்ன சொன்னான்?" என்று அவர் கேட்பது ஏறக்குறைய நின்றேபோனது. இதைவிட எனக்குச் சந்தோஷம் கொடுத்தது கூத்துப் பதிவு. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது இரவெல்லாம் கூத்து நடக்கும். சித்தப்பா மகன் கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்துவந்ததை இதில் ஸ்டீரியோ டைரக்டில், அதாவது எந்த ஜோடனையும் சேர்க்காமல் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும், போட்டுக் கேட்டோம். முகவீணை இடது பக்கம், மத்தளம் அதற்குச் சற்றுப் பின்னால், ஆடுகிறவரின் சலங்கை மேடையைக் குறுக்கே கடந்து போகிறது. ஃபோனிலும் காரிலும் எத்தனையோ முறை கேட்ட பதிவுதான். ஜால்ராக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் நின்றார் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் காசு கொடுக்கலாம் என்று தோன்றியது.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

மாட்டிய முதல் நாளிலிருந்தே சப்வூஃபரில், அதாவது அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கரில், ஒரு ஹம். படம் ஓடும்போது தெரியாது. வசனத்துக்கு நடுவே அமைதி வந்தால் அடியில் "ம்ம்ம்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையை அறையிலேயே நன்றாக எடுத்துக் கொடுப்பது சப்வூஃபர்தான், அதனால் பழி அதன் மேல் விழுகிறது. மாட்ட வந்த ஆள் "சப்வூஃபர் அப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி இருக்காது. நல்ல சப்வூஃபர் சும்மா இருக்கும்போது காதை அதன் மேலேயே வைத்தால்தான் ஏதாவது கேட்க வேண்டும்.

ஹம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு ஒயராகப் பிடுங்குவது. சப்வூஃபருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன், ஹம் நின்றது. ஆக சப்வூஃபர் மேல் குற்றமில்லை. அதை மாட்டிவிட்டு ரிசீவரின் பின்னால் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். கேபிள் டிவி செட்டாப் பாக்ஸின் கோஆக்சியல் ஒயரைக் கழற்றியதும் சுத்தமாக அமைதி. கழற்றும்போது விரலில் சுரீர் என்றது. மல்டிமீட்டரை எடுத்து, அந்த ஒயரின் வெளிப்பின்னலுக்கும் கம்ப்யூட்டர் உடம்புக்கும் நடுவில் வைத்தால் தொண்ணூறு வோல்ட் காட்டுகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடம் அது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று மூன்று பின் போட்ட எல்லாச் சாமான்களிலும் கொஞ்சம் கசிவு மின்சாரம் இருக்கும். அதைக் கம்பி வழியாகக் கொண்டுபோய் மண்ணில் விடுவதற்குத்தான் எர்த். எங்கள் வீட்டில் அந்தக் கம்பி மண்ணைத் தொடவே இல்லை. அதனால் எல்லாச் சாமான்களின் கசிவும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே போக வழி தேடியது. ரிசீவருக்கு இரண்டு பின் பிளக்தான், அதற்கென்று எர்த் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ வருகிறது, செட்டாப் பாக்ஸிலிருந்தும் எச்டிஎம்ஐ வருகிறது. செட்டாப் பாக்ஸின் கோஆக்சியல் தெருவில் கம்பத்தில் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. ஆக, வீட்டின் மொத்தக் கசிவும் என் ரிசீவரின் எச்டிஎம்ஐ வழியாகப் புகுந்து, கேபிள் டிவி ஒயர் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கேட்ட ஹம் அதன் சத்தம்.

எச்டிஎம்ஐ போர்டு செத்ததும் இதனால்தான். இப்படி எர்த் இல்லாமல் மிதக்கும் இரண்டு பெட்டிகளைக் கரண்ட் இருக்கும்போதே ஒயர் போட்டு இணைத்தால், பின் உள்ளே இறங்கும் அந்த நொடியில் வித்தியாச வோல்டேஜ் முழுவதும் ஒயர் வழியாகப் பாய்கிறது. வெளிக்கூடு முதலில் தொட்டால் பிழைத்தது. சாய்வாகச் செருகி ஒரு சிக்னல் பின் முதலில் தொட்டுவிட்டால், ஐந்து வோல்ட்டுக்கும் கீழே வேலை செய்யும் ஐசி, அதாவது உள்ளே இருக்கும் சிப், அதைத் தாங்காது. செட்டாப் பாக்ஸ் மாற்ற வந்த ஆள் எல்லாவற்றையும் ஆனில் வைத்துக்கொண்டே ஒயரை உருவி உருவிச் செருகினார். அன்று மாலையிலிருந்து மூன்று இன்புட்டில் படம் இல்லை.

எர்த் ஏன் இப்படி ஆனது என்று தோண்டிப் பார்த்தோம். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் தோண்டினாலே கிரானைட். வீடு கட்டும்போது எர்த் போட்டவர் ஆளுயரத்துக்கு மேல் இறங்க வேண்டிய பைப்பை மூன்றடியில் நிறுத்தி, மீதியை அறுத்துவிட்டிருக்கிறார். கரியும் உப்பும் போட்டு மூடி, மேலே சிமெண்டு மூடி வைத்தாயிற்று. உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும், உண்மைதான். அதே உப்பு இரும்பையும் தின்னும். கம்பியைப் பைப்போடு கட்டிய போல்ட் துருவேறி உதிர்ந்து, கம்பி தனியாகக் கிடந்தது. மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தால், ஈரமான களிமண் நூறு ஓம்-மீட்டருக்குள் இருக்கும், காய்ந்த கிரானைட் ஆயிரக்கணக்கில் போகும். அந்தக் கம்பி அறுந்திருக்காவிட்டாலும் மூன்றடிப் பைப்பை நம்பி ஒன்றும் செய்திருக்க முடியாது.

இப்போது பார்த்த எலக்ட்ரீசியன் நல்ல மனுஷன். "சார், ராடு இறங்காதுங்க சார். அடிச்சா மேலயே வளையும். படுக்கப் போடலாங்க" என்றார். போர்வெல் கேசிங்கில் கட்டிவிடலாமா என்றும் யோசித்தோம், எங்கள் கேசிங் பிவிசி. அதனால் பின்பக்க மதிலோரம், துணி துவைக்கும் தண்ணீர் தென்னைக்குப் போகிற வழியில், அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நீளமாக வாய்க்கால் வெட்டி, ஜிஐ பட்டையை (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) படுக்க வைத்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் தூள் கரைத்து ஊற்றி மூடினோம். உப்பு போடவில்லை. எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது ஐந்து ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது, இது குறையக் குறைய நல்லது. வெயில் காலத்தில் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் துவைக்கிற தண்ணீர் அதைப் பார்த்துக்கொள்கிறது. மறுபடி மல்டிமீட்டர் வைத்தேன், தொண்ணூறு இருந்த இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை. கிரைண்டரைத் தொட்டால் லேசாக விறுவிறுக்கிறது என்று என் மனைவி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் போய்விட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம் வந்தால் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடு என்று ஒரு வைத்தியம் ஊரில் சுற்றுகிறது. ஹம் போய்விடும், உண்மை. ஒருநாள் உள்ளே ஃபேஸ் ஒயர் உடம்பைத் தொட்டால் அந்தச் சாமானைத் தொடுகிறவர் போய்விடுவார். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த யோசனையைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பின்னை உடைக்காதீர்கள். கசிவு வந்தால் கரண்டை உடனே வெட்டும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், ஸ்பீக்கர் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கேபிள் டிவி ஒயரையும் எடுத்துவிட்டேன். ஃபைபர் இணைப்புக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேகம் இல்லை. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. தெருவிலிருந்து அதோடு தொங்கி வரும் எஃகுக் கம்பியை மட்டும் வீட்டுக்குள் நுழையும் முன்பே வெட்டிவிடச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் இங்கே இடி இறங்கும்போது அந்தக் கம்பி நமக்கு வேண்டாம்.

ஸ்பீக்கர் ஒயர் பற்றிச் சுருக்கமாக. பின் ஸ்பீக்கருக்கு எங்களுக்குப் பன்னிரண்டு மீட்டர். 14 கேஜ் செம்பு ஒயரில் போகவர இருபத்துநாலு மீட்டருக்கு எதிர்ப்பு 0.2 ஓம்தான் வரும், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் ஒயர் தேவையில்லை. ஆனால் செம்பு என்று சொல்லி, செம்பு பூசிய அலுமினியத்தைத் தருகிறார்கள். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுவருக்குள் போகும்போது கரண்ட் பைப்பிலிருந்து ஒரு அடியாவது தள்ளியே போகட்டும்.

தூசி இன்னொரு தொல்லை. கிரானைட் லாரிகள் போகும் ரோட்டோர வீடு. ரிசீவர் சூடாகிற சாதனம், மேலே கை நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும், தூசி படிந்தால் சூடு வெளியேறாது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் துடைக்கிறேன். துளைகளின் மேல் மெல்லிய வலை ஒட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம், காற்று நின்றுவிடும். பல்லி வராமல் இருக்க அலமாரியின் பின்பக்கத் துளைகளை அடையுங்கள், ரிசீவரின் துளைகளை அடைக்காதீர்கள்.

சர்வீஸ் கதைக்கு வந்தால் பொறுமை போகிறது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில், போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். அதற்குச் சொன்ன விலை, ரிசீவர் வாங்கிய காசில் மூன்றில் ஒரு பங்கு. கடைசியில் பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு சின்னக் கடையில், ஐசியை மட்டும் மாற்றிக் கொடுத்தார் ஒருவர். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர், ஓசூர் நெரிசலில் பெட்டியைப் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு போய்வந்தேன். இவ்வளவு விலை வாங்குகிற கம்பெனி, எச்டிஎம்ஐ வாசலுக்குக் கொஞ்சம் நல்ல பாதுகாப்பு வைக்கக் கூடாதா? எர்த் சரியில்லாத வீடுகள் உள்ள நாட்டில் விற்கிறோம் என்று தெரியாதா? கரண்டை நிறுத்திவிட்டு இணைக்கவும் என்று புத்தகத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பின்பக்கம், துளைகளுக்கு மேலே, பெரிதாக அச்சடித்திருக்கலாம்.

இப்போது இதே மாடல் விலை இறங்கியிருக்கிறது. தர்மபுரியில் வாடகை வீட்டில் இரண்டாம் மாடியில் இருக்கும் நண்பர் ஒருவர், "எடுத்துடட்டுமா அண்ணா?" என்று கேட்கிறார். இவ்வளவு நேரம் அதன் சத்தத்தைப் புகழ்ந்துவிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். மதிலோரம் வாய்க்கால் வெட்ட அவருக்கு உரிமை இல்லை. கீழே எர்த் எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தக் காசில் பாதிக்கு ஆப்டிகல் இன்புட் உள்ள இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையரும், ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கரும் வாங்கட்டும். ஆப்டிகல் 1983-இல் தோஷிபா கொண்டுவந்த பழைய இணைப்பு. டால்பி டிஜிட்டல் 5.1 வரை அதில் போகும், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் அட்மாஸ் போகாது. ஆனால் டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் போவது வெறும் வெளிச்சம், ஒரு மில்லி ஆம்பியர்கூட அதன் வழியாகக் கசியாது. எங்கள் மாதிரி ஊருக்கு இது பெரிய விஷயம். டிவியில் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மட்டும் மாற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபையரில் சத்தமே வராது.

சொந்த வீடு இருந்து, அப்படியும் இதைத்தான் வாங்குவேன் என்கிறவர்கள், பெட்டியைப் பிரிக்கும் முன் எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனை ஒருநாள் கூப்பிடுங்கள். வெறும் மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், மோசமான எர்த்திலும் அது அப்படித்தான் காட்டும். சித்திரை வெயிலில் மண் காய்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.