பாதாம் பானமும் நிலக்கடலைப் பாலும்: தருமபுரி வீடொன்றில் ஆறு வாரச் சோதனை

என் தாயாருக்கு 68 வயது. கடந்த தை மாதத்திலிருந்து, காலைக் காப்பி குடித்த அரை மணி நேரத்துக்குள் வயிறு உப்பி இரைவது வாடிக்கையாகிவிட்டதால், மருத்துவர் சில நாள்கள் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தியதும் தொல்லை நின்றது. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது என்றும், தயிரில் அதில் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே எடுத்துக்கொண்டுவிடுவதால் மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் என்றும் அவர் விளக்கினார். மோர் ஒத்துக்கொண்டது. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகக் காலையும் மாலையும் காப்பி குடித்தவருக்குக் கடுங்காப்பியைக் கொடுத்துச் சமாதானம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடையில் கிடைக்கும் தாவரப் பால்களையும், வீட்டிலேயே அரைத்து எடுக்கக்கூடியவற்றையும் ஆறு வாரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்ததில் நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நகரத்தில் உள்ள ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குச் சென்றேன். பாதாம், சோயா, ஓட்ஸ் என்று மூன்று வகைப் பெட்டிகள் இருந்தன. எவற்றின் மீதும் 'பால்' என்ற சொல் இல்லை. 'பானம்' என்றே அச்சிட்டிருந்தார்கள். கறவை மாடுகளிடமிருந்து பெறப்படாத பொருளுக்குப் பால் என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. இணையவழி விற்பனையாளர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று 2021இல் ஆணையம் அறிவுறுத்தியது. தேங்காய்ப் பால் போல வழிவழியாக வழங்கிவரும் பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்காடி ஊழியர் பாதாம் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லதுங்க" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். உட்பொருள் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்ததாகச் சர்க்கரை இருந்தது. பாதாம் அதற்கும் பின்னால், 3 சதவீதம் என்ற அளவுடன் இருந்தது. உட்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பதால், பாதாமைவிடச் சர்க்கரை அதிகம் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. ஊழியர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் பேச்சை நம்பி நீரிழிவு உள்ள ஒருவர் நாள்தோறும் இரண்டு டம்ளர் குடித்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்த 3 சதவீதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரில் 30 கிராம், அதாவது ஏறக்குறைய 25 பாதாம் பருப்புகள். நான் கொடுத்த விலை 270 ரூபாய். 25 பருப்புகளைக் கடையில் தனியாக வாங்கினால் முப்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. பருப்பே இவ்வளவு குறைவு என்னும்போது புரதமும் அப்படித்தான் இருக்கும்: 100 மில்லிலிட்டருக்கு அரை கிராமைச் சற்றே தாண்டியது. பசும்பாலில் அது 3 கிராமுக்கு மேல். பிறகு அங்கேயே இருந்த சர்க்கரை சேர்க்காத வகையையும் வாங்கினேன்; அது உடலுக்குத் தீங்கில்லாதது, கலோரியும் குறைவு, ஆனால் பாலுக்கு ஈடு என்று சொல்ல முடியாது. அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு, "பாதாம் வாசனை வருதே தவிர, பாதாம் வரலையே" என்றார். நான் பட்டியலைப் படித்துக் கண்டறிந்ததை அவர் நாக்கே கண்டுகொண்டது.

பெட்டிகளில் காணப்படும் 407, 412, 418 போன்ற எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பருப்புத் துகள்கள் அடியில் தங்கிவிடாமல் இருக்கச் சேர்க்கப்படும் பிசின் வகைகள் அவை. முறையே கடற்பாசியிலிருந்தும், கொத்தவரை விதையிலிருந்தும், நுண்ணுயிரிகளைக் கொண்டும் எடுக்கப்படுபவை. 170 என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புச் சத்துக்காகச் சேர்ப்பது. ஆனால் இது பெட்டியின் அடியில் படிந்துவிடும் தன்மை கொண்டது. நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால், காசு கொடுத்து வாங்கிய கால்சியம் பெட்டியோடு குப்பைக்குப் போகும்.

ஓட்ஸ் பானம் காப்பியில் திரியாமல், பாலேடு போலவே கலந்தது. சுவையும் நன்று. ஆனால் ஓட்ஸில் உள்ள மாவுச்சத்தை நொதி கொண்டு உடைத்துத்தான் அந்த இனிப்பும் வழவழப்பும் வருகின்றன. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற பெட்டியிலும் சர்க்கரை இருக்கும். சோயா பானம்தான் புரதத்தில் பசும்பாலுக்கு மிக அருகில் நிற்பது. அதில் வரும் வேகாத பயறு போன்ற வாடையை அம்மாவால் சகிக்க முடியாததால் எங்கள் வீட்டில் அது நிலைக்கவில்லை. வாடை பொறுப்பவர்கள் கடையில் வாங்கத்தக்கது அது ஒன்றே என்பேன். வீட்டில் செய்தால் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும். வேகாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

இனி நிலக்கடலைக்கு வருகிறேன். மானாவாரிக் கடலை விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு பாதாமைத் தேடி அலைந்தோமே என்று அம்மாதான் முதலில் சொன்னார். 100 கிராம் பருப்பை இரவில் ஊறவைத்து, காலையில் தோலைக் கசக்கி நீக்கி, 600 மில்லிலிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்தெடுத்தேன். கடலைப் பருப்பின் எடையில் கால் பங்கு புரதம். சக்கையோடு போவது போகவும் 100 மில்லிலிட்டருக்கு 3 கிராம் அளவுக்கு மிஞ்சும் என்பது என் கணிப்பு. செலவு பதினைந்து ரூபாய். பச்சை வாடை போக, கைவிடாமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். காப்பி கலக்கும்போது சூடான கடலைப் பாலில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் திரியவில்லை. கொதிக்கும் டிகாக்‌ஷனில் ஆறிய பாலை ஊற்றிய அன்று திரிந்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து அம்மா வேறு கேட்கவில்லை.

கடலை வாங்குவதில்தான் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உருவாகக்கூடும். கல்லீரலைக் கெடுக்கும் அந்த நச்சு காய்ச்சினாலும் முழுமையாக அழியாது. ஒருமுறை ஒரு கடையில் உடைத்த பருப்பை மலிவாக வாங்கிவந்து, ஊறவைத்த பின் பாதிக்கு மேல் சுருங்கியும் கறுத்தும் கிடந்ததைக் கண்டு அப்படியே கொட்டினேன். அதன் பிறகு தோலோடு கூடிய காய்களை வாங்கி வீட்டில் உடைத்து, சொத்தையையும் காறல் வாடை அடிப்பதையும் பொறுக்கிவிட்டே ஊறவைக்கிறேன். வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் இந்தப் பாலை நினைக்கவே கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக எந்தத் தாவரப் பாலையும் கொடுக்கக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எள்ளுப் பால் காப்பிக்கு உதவாது. ஆனால் லேசாக வறுத்து, ஊறவைத்து அரைத்து, அச்சு வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் மாலையில் குடிக்க அதைவிடச் சுவையான ஒன்றை நான் அறியேன். தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கால்சியம் இருப்பது உண்மை. எனினும் அதில் பெரும்பகுதி தோலில், ஆக்சலேட்டோடு பிணைந்து கிடப்பதால், உடலுக்குச் சேர்வது சிறு பங்கே. தேங்காய்ப் பாலில் புரதம் சொற்பம், கொழுப்பு மிகுதி. அது குழம்புக்கும் ஆப்பத்துக்கும் உரியது.

ஆக, வீட்டுப் பால் எதுவும் பசும்பாலின் கால்சியத்தைத் தராது. அந்தக் குறையை நாங்கள் பாலைக் கொண்டு நிரப்பவில்லை. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கொண்ட கேழ்வரகு எங்கள் ஊரின் அன்றாட உணவு. நியாயவிலைக் கடையில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023இல் நீலகிரியோடு எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. மதியம் களியும் கீரைக் கடைசலும், இரவில் மோரும் என்று அம்மாவின் உணவை மாற்றிக்கொண்டோம். பி12 வைட்டமின் மட்டும் எந்தத் தாவரப் பாலிலும் இயல்பாகக் கிடையாது. சைவ உணவு உண்பவர் என்பதால் மருத்துவரின் யோசனைப்படி அதற்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்.

கடலைப் பால் குளிர்பெட்டியில் ஒரு நாள் தாங்குகிறது. இந்தப் பங்குனி வெயிலில் வெளியே வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. அதனால் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் சர்க்கரை சேர்க்காத பாதாம் பானத்தின் சிறு பெட்டிகள் இரண்டை அலமாரியில் வைத்திருக்கிறேன். பிழிந்த சக்கையை வீணாக்குவதில்லை. காய்ந்த மிளகாயும் புளியும் பூண்டும் சேர்த்து அரைத்தால் களிக்கு ஏற்ற துவையலாகிறது.