ஜாமீன் ரத்து மனுவுக்கு முன்தீர்ப்பு தேட இ-எஸ்.சி.ஆர். தளம் எப்படி?

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகத் தரும் இணையதளமான இ-எஸ்.சி.ஆர். (எலக்ட்ரானிக் சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) 2023 ஜனவரி 2 அன்று தொடங்கப்பட்டது. கட்டணத் தளங்களுக்குச் சந்தா கட்ட முடியாத இளம் வழக்கறிஞர்களுக்கு இது பெரிய வரம். தலைக்குறிப்போடு (தீர்ப்பின் சுருக்கம்) தீர்ப்பு கிடைக்கிறது. வந்த முடிவுகளுக்குள்ளேயே மறுபடி தேடலாம். நீதிபதி, ஆண்டு, அமர்வில் இருந்த நீதிபதிகளின் எண்ணிக்கை வாரியாகவும் சலிக்கலாம்.

ஆனால் கீழ் நீதிமன்றம் தந்த ஜாமீனை மேல் நீதிமன்றம் எப்படிப் பரிசீலிக்கிறது என்று பார்க்க "கேன்சலேஷன் ஆஃப் பெயில்" என்று மட்டும் அடித்தால், ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தீர்ப்புகள் வந்து விழும். உண்மையில் முரண் இல்லை. "ரத்து" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கேள்விகள் நடமாடுகின்றன.

வெளியே வந்தவர் சாட்சியை மிரட்டினார், நிபந்தனையை மீறினார் என்பது ஒன்று. அதற்கு தௌலத் ராம் எதிர் ஹரியானா அரசு: கொடுத்த ஜாமீனைப் பறிக்க மிக வலுவான சூழ்நிலை வேண்டும். உத்தரவே பிறந்தபோதே பழுதானது என்பது மற்றொன்று. அதற்கு பூரன் எதிர் ராம்பிலாஸ் (2001). இங்கே வெளியே வந்தபின் குற்றம் சாட்டப்பட்டவர் தவறாக நடந்தார் என்று காட்டத் தேவையில்லை. உத்தரவு சட்டவிரோதமானது, ஏற்கத்தகாதது, முக்கியமான ஆதாரத்தைக் கண்டுகொள்ளாதது என்று காட்டினால் போதும். "பெர்வர்ஸ்" (ஆதாரத்துக்கு ஒவ்வாத, ஏற்கத்தகாத) என்ற ஆங்கிலச் சொல்லை முடிவுகளுக்குள் மறுபடி தேடினால் இந்த இரண்டாம் வகை பெரும்பாலும் பிரிந்து நிற்கும். உடனே படிக்க வேண்டியது மஹிபால் எதிர் ராஜேஷ் குமார். "ஆவணங்களைப் பார்த்தோம்" என்று எழுதி, காரணமே சொல்லாமல் கொடுத்த ஜாமீன் அதில் நிற்கவில்லை.

இங்கேதான் ஆண்டு வடிகட்டி காலை வாரும். மஹிபால் தீர்ப்பு 2019 டிசம்பரில் வந்தது. வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவதோ 2020ஆம் ஆண்டு எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற தனியார் தீர்ப்பு இதழ்) தொகுதியை. 2020 என்று சலித்தால் சிக்காமல் போகலாம். ஆண்டைக் காலியாக விட்டு, தரப்பினர் பெயரைக் கொடுங்கள்.

பிரிவு எண்ணும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் ஜாமீன் ரத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 439(2), அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 483(3) ஆகிவிட்டது. புதிய எண்ணை மட்டும் தேடினால் இத்தனை ஆண்டுத் தீர்ப்புகளும் மறைந்துவிடும். இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

தளம் சொல்லித் தராத ஒன்றையும் கவனிக்க வேண்டும்: மனுவை எங்கே போடுவது? அமர்வு நீதிமன்ற உத்தரவு பழுது என்றால் உயர் நீதிமன்றம் போகலாம். உயர் நீதிமன்றமே கொடுத்த ஜாமீன் தவறு என்றால், அதே நீதிமன்றத்தில் ரத்து கேட்பது மறுஆய்வு கேட்பதாகிவிடும். அப்துல் பாசித் வழக்கு (2014) இந்த வழியைத் தெளிவாக அடைக்கிறது. சிறப்பு அனுமதி மனுவோடு உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். இதைப் படிக்காமல் தாக்கல் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து, தள்ளுபடியோடு திரும்புவது வேதனை.

குறைகள்? இது உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ தீர்ப்புத் தொகுதியில் (எஸ்.சி.ஆர்.) ஏறிய தீர்ப்புகளுக்கான தளம். நேற்று வந்த சிறு உத்தரவுக்கு உச்ச நீதிமன்ற இணையதளத்தின் தீர்ப்புப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு சில தீர்ப்புகளுக்கு உண்டு. கட்சிக்காரர் புரிந்துகொள்ள அருமையானது, ஆனால் மனுவோடு இணைக்க ஆங்கில மூலம்தான்.