சால்வியா விதை கிட்: விதை நன்றாக இருக்கிறது, கூட வரும் தாளை மட்டும் நம்பாதீர்கள்

ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் மூன்று விதைப் பாக்கெட், தண்ணீர் விட்டால் உப்பி எழும் தேங்காய் நார் வில்லைகள், மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டு, கொஞ்சம் உர உருண்டை, நாலாக மடித்த ஒரு வழிகாட்டித் தாள். வீட்டில் சால்வியா என்ற பூச்செடியை வளர்க்க நினைக்கிறவர்களுக்கு என்று விற்கிற கிட் இது. இதே சாமான்களை வேறு வேறு பெயரில் பலரும் விற்கிறார்கள், அதனால் நான் வாங்கியது யாருடையது என்று எழுதப் போவதில்லை. உள்ளே எது உருப்படி, எது குப்பை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் விதை. மூன்று பாக்கெட்டிலும் தாவரவியல் பெயரை முழுசாக அச்சடித்திருந்தார்கள், இதற்கே ஒரு சபாஷ். வெறுமனே சால்வியா கலர் மிக்ஸ் என்று போட்ட பாக்கெட்டை வாங்கினால் பூக்கிற வரைக்கும் உள்ளே இருந்தது எது என்று தெரியாது, அது தெரியாமல் எப்படி வளர்ப்பது? துளசி, புதினா இருக்கிற அதே குடும்பத்தில் சால்வியா மட்டுமே ஆயிரத்தை நெருங்கும் இனங்கள் கொண்டது. சியா விதை தரும் செடி சால்வியா, சமையலில் போடும் சேஜ் சால்வியா, போதாதென்று ரோஸ்மேரியையும் இப்போது இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இதில் ஒன்று தண்ணீர் கேட்கும், இன்னொன்று ஈரம் தங்கினாலே வேர் அழுகிப் போகும்.

பெட்டியில் வந்தவை சிவப்புப் பூ பூக்கும் ஸ்ப்ளெண்டென்ஸ், நீலப் பூ பூக்கும் ஃபாரினேசியா, இளஞ்சிவப்பில் காக்சினியா. மூன்றும் மூன்று குணம். தாளோ மூன்றையும் ஒரே செடியாக நினைத்து ஒரே பத்தியில் எழுதி முடித்துவிட்டது, என் குறையெல்லாம் அங்கேதான்.

விதைப்பிலேயே தொடங்குகிறது. அரை அங்குல ஆழத்தில் ஊன்றி மண்ணால் மூடச் சொல்கிறது தாள். சால்வியா விதை, அதிலும் ஸ்ப்ளெண்டென்ஸ், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மேலாகத் தூவி, விரலால் லேசாக அழுத்தி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இது தெரிந்திருந்தும் பார்ப்போமே என்று தட்டில் பாதியைத் தாள் சொன்ன மாதிரியும் மீதியை மேலாகவும் விதைத்தேன். மேலே தூவியது பெரும்பாலும் முளைத்தது, புதைத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. 21 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருந்தால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். அதனால் ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் காணோமே என்று விதையைக் குறை சொல்லிவிடாதீர்கள், விதை நல்ல விதைதான்.

தட்டின் மூடி முளைக்கிற வரைக்கும் உபயோகம். அதற்கப்புறம் அது எமன். முளைத்ததும் எடுத்துவிட வேண்டும் என்று தாளில் ஒரு வரி இல்லை. மூடிக்குள் நீர் கோத்து நின்று, காற்று ஓட்டமும் இல்லாவிட்டால் நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக இளைத்து அப்படியே சாய்ந்துவிடும். நாற்றழுகல், பூஞ்சையின் வேலை. ஒரு நாற்றுக்கு வந்தால் பக்கத்து நாற்றுகளுக்கும் சீக்கிரம் பரவும். தேங்காய் நார் வில்லை வேறு தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே சொதசொத என்று இருக்கும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, மீதியைக் கவிழ்த்துவிடுவது நல்லது. வில்லையைச் சுற்றியிருக்கும் வலையைத் தொட்டிக்கு மாற்றும்போது கத்தரித்து எடுத்துவிடுங்கள், வேருக்குத் தடை இல்லாமல் இருக்கும்.

உர உருண்டை வேண்டவே வேண்டாம். வாரம் ஒன்று போடச் சொல்கிறார்கள், பெட்டியில் போட்டிருக்கும் சத்துக் கணக்கைப் பார்த்தால் தழைச்சத்துதான் தூக்கலாக இருக்கிறது. ஸ்ப்ளெண்டென்ஸுக்கு உரம் கூடி மண்ணில் உப்பு ஏறினால் ஆகாது, இலை ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கும். நீலத்துக்கு அந்தப் பிரச்சினை குறைவு என்றாலும், தழைச்சத்து அதிகமானால் இலையாகத் தள்ளி, தண்டு நீண்டு சாய்ந்து, பூ குறைந்துவிடும். நல்ல வடிகால் உள்ள மண் கலவையில் கொஞ்சம் மண்புழு உரம் சேர்த்து வைத்தாலே மூன்றும் பூக்கின்றன.

இடம் விஷயத்திலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் முழு வெயில் என்று ஒரே சொல். ஸ்ப்ளெண்டென்ஸ் பிரேசிலில் ஈரப்பதமான இடங்களில் வளர்ந்த செடி, உச்சி வெயிலில் வாடித் தொங்கிவிடும், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கொடுத்தால் சிவப்பு வெளுக்காமல் இருக்கும். ஃபாரினேசியா டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி, வெயிலைப் பற்றிக் கவலையே படாது, மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்றுக்கு எப்போதும் தாகம், இன்னொன்றுக்கு எப்போதும் ஈரம். பெட்டியின் மேல் படத்தில் அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது!

கிட்டில் என் ஓட்டு நீலத்துக்கு. அதன் பூங்கொத்தைக் கிட்டத்தில் பார்த்தால் தண்டிலும் புல்லி வட்டத்திலும் (பூவின் அடியைப் பிடித்திருக்கும் கிண்ணம்) மாவு பூசின மாதிரி வெள்ளையாக இருக்கும். சாம்பல் நோயோ மாவுப்பூச்சியோ என்று பயந்து மருந்து அடிக்க ஓட வேண்டாம், அது செடியின் சொந்த ரோமம். காலையில் தேனீ வருகிறபோது பக்கத்தில் நின்று பாருங்கள். சால்வியாப் பூவில் வேலை செய்யும் மகரந்தத் தாள், அதாவது மகரந்தம் தாங்கும் காம்பு, இரண்டுதான், ஒவ்வொன்றும் நெம்புகோல் போல அமைந்தது. தேனுக்காகத் தேனீ தலையை உள்ளே நுழைத்துக் கீழ் முனையைத் தள்ள, மேல் முனை வளைந்து வந்து அதன் மேல் மகரந்தத்தைத் தடவிவிடும். சால்வியாவின் இந்த ஏற்பாட்டை ஷ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793லேயே எழுதி வைத்திருக்கிறார். சிவப்புக் குழாய்ப் பூ அதன் சொந்த மண்ணில் ஹம்மிங்பேர்டு என்ற தேன் குடிக்கும் சின்னப் பறவைக்கானது, அதனால் அதில் தேனீக் கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பதில் சிவப்பில் வேறு லாபம் உண்டு: குழாய் உதிர்ந்த பிறகும் புல்லி வட்டம் சிவப்பாகவே நிற்பதால் கொத்து பல நாள் நிறம் காட்டும்.

தாளில் விட்டுப்போன இன்னொரு முக்கியமான விஷயம் கொழுந்து கிள்ளுவது. மூன்று நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்துச் செடி புதராகும், கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியும் உச்சியில் ஒரு கொத்தும்தான். காக்சினியாவுக்கு இது கட்டாயம், இல்லையென்றால் இரண்டு மூன்று அடிக்கு நெடுநெடுவென்று போய் காற்றில் ஆடும். பூத்து முடிந்த கொத்தை அடுத்த இலை ஜோடிக்கு மேலே வெட்டுங்கள், அந்தக் கணுவிலிருந்தே அடுத்த கொத்து வரும்.

பூச்சி என்று பார்த்தால் வெள்ளை ஈயும், காய்ச்சலான வறட்டு வெயிலில் சிலந்திப்பேனும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம், மூன்றும் விதைக்கு. விதையை மட்டும் தனியாக விற்றால் அதை வாங்குங்கள், தட்டும் வில்லையும் இல்லாமலே வேலை நடக்கும். பாக்கெட்டில் எஃப் ஒன், அதாவது முதல் தலைமுறைக் கலப்பினமா இல்லையா என்று போடவில்லை, அது ஒரு குறை, ஏனென்றால் கலப்பினம் என்றால் நாம் எடுத்து வைக்கும் விதை தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. எதுவானாலும் மூன்றையும் ஒரு வருடச் செடி என்று தாள் சொல்வதை நம்பிப் பிடுங்கி எறியாதீர்கள். உறைபனி விழாத இடத்தில் நீலத்தை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துப் பூக்கும், பூக்காத கிளை நுனியை வெட்டி நட்டால் சில வாரங்களில் வேர் பிடித்து அதே நிறத்திலேயே வரும், கலப்பினமா என்ற கேள்வியே இல்லை. விதைதான் வேண்டும் என்றால் புல்லி வட்டம் பழுப்பாகிற நேரம் பார்த்துக் கொத்தை வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு வையுங்கள், ஒரு பூவுக்கு நாலு விதைக்கு மேல் இருக்காது, அதுவும் முற்றினால் காத்திருக்காமல் கொட்டிவிடும். காக்சினியாவுக்கு அந்த வேலையும் இல்லை, பக்கத்துத் தொட்டிகளில் எல்லாம் தானே முளைத்து நிற்கும், வேண்டாததைப் பிடுங்குவதுதான் வேலை.